உள்ளே வருவது யார் என்று கேட்காத டனல்கள்: இணையத்தில் 40 லட்சம் கதவுகள் திறந்து கிடப்பது ஏன்?

ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து விபிஎன் பட்டனை அழுத்துகிறீர்கள். ஓரிரு விநாடிகளில் 'கனெக்டட்' என்று வருகிறது. அதன்பிறகு அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அந்த ஓரிரு விநாடிகளில் உருவாகும் 'டனல்' என்ற தொழில்நுட்பத்தின் பழைய வடிவங்கள்தான் இப்போது இணையப் பாதுகாப்பு உலகின் கவலையாக மாறியிருக்கின்றன.

பெல்ஜியத்தின் கேயூ லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையம் முழுவதையும் ஸ்கேன் செய்து பார்த்ததில், 40 லட்சத்துக்கும் அதிகமான கருவிகள் யார் அனுப்பினாலும் டனல் பாக்கெட்டுகளை வாங்கி, பிரித்து, உள்ளே இருப்பதை அப்படியே முன்னே அனுப்பிவிடுகின்றன என்று தெரியவந்தது. பாஸ்வேர்டு கிடையாது. அடையாளச் சோதனை கிடையாது. 'நீ யார்' என்ற ஒற்றைக் கேள்விகூட கிடையாது.

இதில் விபிஎன் சர்வர்கள் உண்டு. இணைய சேவை நிறுவனங்கள் வீடுகளுக்குக் கொடுத்த ரவுட்டர்கள் உண்டு. இணையத்தின் மையப் பகுதியில் இருக்கும் பெரிய ரவுட்டர்களும், மொபைல் நெட்வொர்க் கருவிகளும்கூட உண்டு. பாதிப்பு அதிகம் தென்பட்ட நாடுகளில் சீனா, பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கா, பிரேசில் ஆகியவை முன்னிலையில் இருந்தன.

இது எப்படி நடந்தது? டனலுக்குள் வருவது என்ன என்பதை மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நமக்கு இதனால் என்ன பிரச்சினை?

கண்டுபிடித்தது யார்?

ஆய்வின் பின்னணியில் இருப்பவர்கள் ஏஞ்சலோஸ் பெய்டிஸ், மேத்தி வான்ஹூஃப். இதில் வான்ஹூஃபின் பெயர் பலருக்கு நினைவிருக்கலாம். 2017ல் வைஃபை பாதுகாப்பையே ஆட்டிவைத்த 'கிராக்' என்ற பலவீனத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். டாப்10விபிஎன் இணையதளத்துடன் இணைந்து 2025 ஜனவரியில் இந்த டனல் ஆய்வு வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் முழு ஆய்வுக்கட்டுரையும் வந்தது.

அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையமும் எச்சரிக்கை வெளியிட்டது. சிவிஇ-2024-7595, சிவிஇ-2024-7596, சிவிஇ-2025-23018, சிவிஇ-2025-23019 என்று நான்கு பலவீன எண்கள் ஒதுக்கப்பட்டன. ஒரே நிறுவனத்தின் ஒரே தயாரிப்பில் இருக்கும் ஓட்டை என்றால் ஒரு அப்டேட்டில் அடைத்துவிடலாம். இது அப்படியல்ல. டனல் விதிமுறைகளை எழுதிய விதமும், அவற்றை ஆயிரக்கணக்கான இடங்களில் அமைத்த விதமும் சேர்ந்து உருவாக்கிய சிக்கல் இது. அதனால்தான் ஒரே நாளில் தீரவில்லை.

டனல் என்றால் என்ன?

கோவையில் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம், ஓசூரில் அதன் கிளை என்று வைத்துக்கொள்வோம். கிளையில் இருந்து பத்து பேர் எழுதும் உள்-அலுவலகக் கடிதங்களை எல்லாம் ஒரு பெரிய கவருக்குள் போட்டு, வெளியே 'தலைமை அலுவலகம், கோவை' என்று மட்டும் எழுதி கூரியரில் அனுப்புகிறார்கள். கூரியர்காரருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். கோவையில் ஒருவர் பெரிய கவரைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதங்களை அந்தந்த மேஜைக்குக் கொடுத்துவிடுவார்.

டனல் என்பது இதேதான். இணையத்தில் எல்லாத் தகவலும் 'பாக்கெட்' என்ற சிறு சிறு துண்டுகளாகப் பயணிக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரி இருக்கும். அந்த முழு பாக்கெட்டையே இன்னொரு பாக்கெட்டுக்குள் போட்டு அனுப்பினால் அது டனல். வெளி உறையின் முகவரி டனலின் இரு முனைகளைக் காட்டும். உள் உறையின் முகவரிதான் உண்மையான அனுப்புநர், பெறுநர்.

எதற்கு இந்தச் சுற்று வழி? இரண்டு அலுவலகங்களின் தனி நெட்வொர்க்குகளை இணைக்க, பழைய ஐபிவி4 நெட்வொர்க் வழியாகப் புதிய ஐபிவி6 தகவலை அனுப்ப, கிளவுட் நிறுவனங்கள் ஒரே கேபிளில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைப் பிரித்துவைக்க என்று பல காரணங்கள். இன்றைய இணையத்தில் டனல் இல்லாத பெரிய நெட்வொர்க் என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம்.

ஒரு செலவும் உண்டு. கவருக்குள் கவர் வைத்தால் கனம் கூடும் இல்லையா? வழக்கமான ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு 1,500 பைட். ஐபிவி4 வெளி உறை மட்டுமே 20 பைட். ஜிஆர்இ என்ற டனல் என்றால் இன்னும் 4 பைட் சேரும். ஆக, உள்ளே வைக்க 1,476 பைட்தான் மிச்சம். விபிஎன் போட்டதும் சில வெப்சைட் மட்டும் பாதி லோடாகி நின்றுபோவதற்கு இந்த அளவுக் கணக்கு தவறாக அமைந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உள்ளே இருப்பது என்ன என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் 'டனல் டிரைவர்' வருகிறது. கணினி அல்லது ரவுட்டரின் இயங்குதளத்துக்குள், பெரும்பாலும் கெர்னல் என்ற அடிப்படைப் பகுதியில் இருக்கும் சிறு மென்பொருள் அது. வெளி உறையைக் கழற்றுவது அதன் முதல் வேலை. கழற்றியதும் அதற்கு ஒரு கேள்வி எழும்: உள்ளே வந்திருப்பது ஐபிவி4 பாக்கெட்டா, ஐபிவி6 பாக்கெட்டா, ஈதர்நெட் ஃபிரேமா, அல்லது எம்பிஎல்எஸ் போன்ற வேறு வகையா? வகை தெரிந்தால்தான் அதைச் சரியான இடத்துக்கு ஒப்படைக்க முடியும்.

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு டனலும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது.

ஒன்று, வெளி உறையிலேயே எழுதிவிடுவது. ஒவ்வொரு ஐபிவி4 பாக்கெட்டிலும் 'அடுத்து இருப்பது என்ன' என்று சொல்லும் ஓர் எண் உண்டு. அந்த எண் 6 என்றால் டிசிபி, 17 என்றால் யூடிபி. அதே இடத்தில் 4 என்று இருந்தால் உள்ளே இன்னொரு ஐபிவி4 பாக்கெட் இருக்கிறது என்று பொருள். 41 என்றால் உள்ளே ஐபிவி6. 1996ல் தரநிலையாக வந்த 'ஐபி-இன்-ஐபி' டனல் இந்த முறையில்தான் இயங்குகிறது. தனியாக எந்தத் தலைப்பும் கிடையாது. எளிமைதான் அதன் பலம்.

இரண்டு, நடுவில் ஒரு சீட்டு வைப்பது. 1994ல் முதலில் வெளியாகி, 2000ல் சீரமைக்கப்பட்ட ஜிஆர்இ இந்த வகை. வெளி உறையில் 47 என்ற எண் இருக்கும். அதற்குப் பிறகு நான்கு பைட் அளவில் ஒரு சிறு தலைப்பு. அதன் கடைசி இரண்டு பைட்டில் உள்ளே இருக்கும் சரக்கின் வகை எழுதப்பட்டிருக்கும். பதினாறடிமான எண்ணில் 0800 என்றால் ஐபிவி4, 86டிடி என்றால் ஐபிவி6, 6558 என்றால் முழு ஈதர்நெட் ஃபிரேம். ஒரே டனலில் பல வகைச் சரக்கை ஏற்றலாம். ஜிஆர்இ இத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்க அதுவே காரணம்.

மூன்று, எதுவும் எழுதாமல், உள்ளே எட்டிப் பார்ப்பது. லினக்ஸ் கெர்னலில் 2020ல் சேர்ந்த 'பேர்யூடிபி' என்ற டிரைவர் இதற்கு நல்ல உதாரணம். யூடிபி உறைக்குள் சரக்கை நேரடியாக வைத்துவிடும்; வகைச் சீட்டு கிடையாது. டனலை உருவாக்கும்போதே 'இதில் இந்த வகைச் சரக்கு மட்டும்தான் வரும்' என்று நிர்வாகி சொல்லிவிட வேண்டும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் ஒரே டனலில் வர வேண்டும் என்றால் 'மல்ட்டிபுரோட்டோ' என்ற அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அப்போது டிரைவர் உள் பாக்கெட்டின் முதல் நான்கு பிட்டைப் பார்க்கும். அதில் 4 இருந்தால் ஐபிவி4, 6 இருந்தால் ஐபிவி6. வேறு எதுவாக இருந்தாலும், அல்லது அனுமதி கொடுக்காத வகையாக இருந்தாலும், பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். எதை ஏற்பது என்பதைவிட, தெரியாத ஒன்று வந்தால் என்ன செய்வது என்பதுதான் ஒரு டனல் டிரைவரின் தரத்தைக் காட்டும். 'தெரியாததை எறி' என்பது பாதுகாப்பான வழி. 'தெரியவில்லை என்றாலும் அனுப்பிவை' என்பது ஆபத்து.

அப்போ தவறு எங்கே?

வகையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாலும் இன்னும் இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. இந்தக் கவரை அனுப்பியது யார்? உள்ளே இருக்கும் கடிதத்தில் அனுப்புநர் என்று எழுதியிருப்பவர் உண்மையிலேயே அவர்தானா?

ஐபி-இன்-ஐபி, ஜிஆர்இ போன்ற பழைய டனல்கள் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்பதே இல்லை. அவற்றில் குறியாக்கமும் கிடையாது, அடையாளச் சரிபார்ப்பும் கிடையாது. ஜிஆர்இயில் 'கீ' என்று ஒரு வசதி உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது பூட்டுக்கான சாவி அல்ல. பல டனல்களைப் பிரித்து அடையாளம் காண உதவும் வெறும் எண். அதுவும் மறைக்கப்படாமல் வெளிப்படையாகவே பயணிக்கும்.

பாதுகாப்பு வேண்டும் என்றால் ஐபிசெக் போன்ற இன்னொரு அடுக்கை இதன்மேல் போட வேண்டும். தெரிந்த முனையில் இருந்து வரும் பாக்கெட்டை மட்டும் அனுமதிக்கும்படி ஃபயர்வால் விதி எழுத வேண்டும். ஆனால் நடைமுறையில், டனலை அமைக்கும்போது மறுமுனை 'யாராக இருந்தாலும் சரி' என்று விட்டுவிட வழி இருக்கிறது. வேலை நடந்தால் போதும் என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத காரணமும் உண்டு. பெரும்பாலான ஃபயர்வால் விதிகள் 'போர்ட்' எண்ணை வைத்து எழுதப்படுகின்றன. 22ஐ மூடு, 443ஐத் திற என்பது போல. ஆனால் புரோட்டோகால் எண் 4, 41, 47 ஆகிய டனல்களுக்குப் போர்ட் என்ற ஒன்றே கிடையாது. டிசிபி, யூடிபி போர்ட்டுகளை மட்டும் சோதித்துவிட்டு 'எல்லாம் மூடியாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர் இந்தக் கதவு இருப்பதையே பார்க்காமல் போகலாம்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்?

அன்றைய பொறியாளர்கள் அலட்சியமானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1990களின் இணையம், ஒருவரை ஒருவர் அறிந்த நெட்வொர்க்குகளின் கூட்டமாகத்தான் பெரும்பாலும் இருந்தது. ரவுட்டர்களின் கணிப்புத் திறனும் குறைவு. ஒவ்வொரு பாக்கெட்டையும் குறியாக்கம் செய்வது அன்று பெரிய சுமை.

சில இடங்களில் திறந்த கதவு என்பது வடிவமைப்பின் பகுதியாகவே இருந்தது. 2001ல் வந்த '6டு4' என்ற முறையை எடுத்துக்கொள்ளலாம். ஐபிவி6 வசதி இல்லாத இடங்களில் இருப்பவர்கள், யாரிடமும் முன்கூட்டியே பேசாமல், ஐபிவி4 வழியாக ஐபிவி6 உலகத்தைத் தொடுவதற்காக அது உருவானது. மறுமுனை யார் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால், யாரிடம் இருந்து வந்தாலும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். இந்த முறையின் பொது ரிலே முகவரியைக் கைவிடுமாறு 2015ல் அதிகாரபூர்வமாகப் பரிந்துரை வந்தது. ஆனாலும் பரிந்துரை வந்த அன்றே உலகம் முழுக்க இருக்கும் கருவிகளின் செட்டிங் மாறிவிடாதே!

எச்சரிக்கையும் இது முதல்முறை அல்ல. 2020லேயே ஐபி-இன்-ஐபி பாக்கெட்டுகளைச் சரிபார்க்காமல் பிரித்து அனுப்பும் பலவீனம் சிவிஇ-2020-10136 என்ற எண்ணில் வெளியானது. சிஸ்கோவின் நெக்சஸ் வகை ஸ்விட்சுகள் உள்ளிட்ட கருவிகள் அப்போது பாதிக்கப்பட்டன, திருத்தமும் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து இணையம் முழுவதையும் ஸ்கேன் செய்தபோது, பிரச்சினை ஓரிரு தயாரிப்புகளோடு நிற்கவில்லை என்பது உறுதியானது.

தாக்குபவர் என்ன செய்ய முடியும்?

மறுபடி கோவை அலுவலகத்துக்கு வருவோம். கிளையில் இருந்துதான் கவர் வந்திருக்கிறதா என்று பார்க்காமல், வரும் எல்லாக் கவரையும் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தை அலுவலக முத்திரையோடு தபாலில் சேர்க்கும் ஓர் ஊழியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் மிரட்டல் கடிதம் ஒன்றை உள்ளே வைத்து அனுப்புகிறார். கடிதம் கிடைத்தவர் பார்ப்பது கோவை அலுவலகத்தின் முத்திரையைத்தான். போலீஸ் வந்து நிற்பதும் அந்த அலுவலகத்தின் வாசலில்தான்.

இணையத்தில் இதன் வடிவங்கள் பல.

முதலாவது, முகமூடி. தாக்குபவரின் பாக்கெட், திறந்து கிடக்கும் கருவியின் முகவரியில் இருந்து வருவது போலத் தோன்றும். உள் உறையின் அனுப்புநர் முகவரியாக வேறு யாருடைய முகவரியையும் போட்டுவிடவும் பல இடங்களில் முடிகிறது. இது ஒருவழிப் பாதைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பதில் தாக்குபவருக்குத் திரும்பி வராது. அதனால் இதை வைத்து ஒருவரின் வங்கிக் கணக்கில் லாகின் செய்வது போன்ற வேலைகள் நடக்காது. ஆனால் பதில் தேவைப்படாத தாக்குதல்களுக்கு, குறிப்பாக ஒரு சேவையைத் திணறடித்து முடக்கும் தாக்குதலுக்கு, ஒருவழியே போதும்.

இரண்டாவது, நேரத்தைக் குவிப்பது. பூதக்கண்ணாடி சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவிப்பது போல. தாக்குபவர் பாக்கெட்டுகளை நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார். முதலில் அனுப்பியவை நீண்ட டனல் சங்கிலிகளைச் சுற்றி வருகின்றன; கடைசியில் அனுப்பியவை குறுக்கு வழியில் வருகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் இலக்கை அடைகின்றன. இந்த வழியில் தாக்குதலின் வேகம் குறைந்தது 16 மடங்கு பெருகுகிறது என்று ஆய்வு காட்டியது.

மூன்றாவது, பிங்-பாங். திறந்து கிடக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையே ஒரு பாக்கெட்டை மாறி மாறிப் பந்தாட விடுவது. ஒருவர் அனுப்பும் சிறிய அளவு, அந்தக் கருவிகளுக்கு இடையே குறைந்தது 75 மடங்காகப் பெருகுகிறது.

நான்காவது, பில்லை ஏற்றுவது. கிளவுட் சேவைகளில் வெளியே போகும் டேட்டாவுக்குத்தான் பெரும்பாலும் கட்டணம். திறந்த டனல் உள்ள ஒரு சர்வரைத் தொடர்ந்து வெளியே அனுப்பவைத்தால், சர்வர் படுத்துவிடாது. ஆனால் மாதக் கடைசியில் பில் எகிறும். ஒரு சிறு ஸ்டார்ட்அப்புக்கு இது சர்வர் முடங்குவதைவிடப் பெரிய அடியாக இருக்கலாம்.

ஐந்தாவது, உள்ளே நுழைவது. டனல் முனை நிறுவனத்தின் தனி நெட்வொர்க்குக்குள் இருந்தால், வெளியில் இருப்பவர் அனுப்பும் பாக்கெட் அந்த உள் நெட்வொர்க்கையே தொடக்கூடும்.

இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் புதிய உத்தரவுகளை வெளியிட்டது. சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், விபிஎன், கிளவுட், டேட்டா சென்டர் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களுக்கு ஒதுக்கிய ஐபி முகவரிகளையும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

ஐபி முகவரி தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இந்த ஏற்பாட்டின் அடியில் இருக்கிறது. பல சமயங்களில் அது சரியும்கூட. ஆனால் திறந்த டனல்கள் இருக்கும் உலகத்தில், தாக்குதலுக்கு உள்ளானவரின் லாகில் பதிவாகும் முகவரி ஒரு வீட்டு ரவுட்டருடையதாக இருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கு டனல் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். உண்மையில் அனுப்பியது யார் என்பதற்கான ஒரே தடயம், அந்த ரவுட்டருக்கு வந்த வெளி உறையில்தான் இருந்தது. ரவுட்டர் அதைக் கழற்றி எறிந்துவிட்டது. அதைப் பதிவு செய்து வைக்கும் பழக்கம் வீட்டு ரவுட்டர்களுக்குக் கிடையாது.

ஆக, இது ஐடி துறைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் பிரச்சினை மட்டும் அல்ல. ஐபி முகவரியைச் சாட்சியாக வைத்து விசாரிப்பவர்களும், நிறுவனங்களின் லாகைப் பார்த்து ஊழியரிடம் விளக்கம் கேட்பவர்களும் இந்த வரம்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முகவரி என்பது விசாரணையின் தொடக்கம்தான். அதுவே தீர்ப்பு அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு: ஏற்காத டனல்

எல்லாவற்றையும் ஏற்கும் டனல் ஒரு ஆபத்து என்றால், ஏற்க வேண்டியதை ஏற்காத டனலும் ஆபத்துதான். உங்கள் விபிஎன் ஐபிவி4 சரக்கை மட்டும் டனலுக்குள் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனில் ஐபிவி6ம் இயங்குகிறது. அப்போ ஐபிவி6ல் போகும் பாக்கெட்டுகள் என்ன ஆகும்? டனலுக்கு வெளியே, உங்கள் உண்மையான முகவரியோடு, சாதாரண வழியில் போய்விடும். திரையில் மட்டும் 'கனெக்டட்' என்றே இருக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை. 2015ல் 14 பிரபலமான கட்டண விபிஎன் சேவைகளைச் சோதித்த ஒரு ஆய்வில், பெரும்பாலானவற்றில் ஐபிவி6 தகவல் இப்படிக் கசிந்தது. அதன்பிறகு பல சேவைகள் திருத்திக்கொண்டன. ஆனாலும் எல்லா ஆப்பும் திருந்திவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று இந்தியா. இங்கே மொபைல் டேட்டாவில் ஐபிவி6 வெகு சாதாரணம். அதனால் இந்தக் கசிவு நமக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

சரியான டனல் எப்படி இருக்கும்?

2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலில் சேர்ந்த வயர்கார்டு இதற்கு ஒரு பதில். அதன் பாக்கெட்டிலும் வகைச் சீட்டு கிடையாது. ஆனால் வரும் பாக்கெட்டை அது முதலில் குறியாக்கச் சாவியை வைத்துத் திறந்து பார்க்கும். சாவி பொருந்தவில்லை என்றால் அங்கேயே முடிந்தது. பொருந்தினால், உள்ளே இருப்பது ஐபிவி4ஆ, ஐபிவி6ஆ என்று பார்க்கும். இரண்டும் இல்லை என்றால் எறிந்துவிடும். அதன்பிறகு மூன்றாவது சோதனை: இந்தச் சாவிக்காரருக்கு இந்த அனுப்புநர் முகவரியைப் பயன்படுத்த அனுமதி உண்டா? இல்லை என்றால் அதையும் எறிந்துவிடும்.

யார், என்ன, எந்த முகவரியில் என்ற மூன்று கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் கதவு திறக்கிறது. ஐபிசெக்கைச் சரியாக அமைத்தாலும் இதே பாதுகாப்பு கிடைக்கும்.

ஆனால் புதிய தொழில்நுட்பம் வந்ததாலேயே பழையது மறைந்துவிடாது. பழைய ரவுட்டர்களின் வேகம், செலவு, 'ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே' என்ற ஐடி துறையின் எழுதப்படாத விதி எல்லாம் குறுக்கே நிற்கின்றன. அதுவரை இணைய சேவை நிறுவனங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தங்கள் நெட்வொர்க்கில் இருந்து வெளியேறும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரி தங்களுடையதுதானா என்று வாசலிலேயே சோதிப்பது. இதற்கான பரிந்துரை 2000லேயே வெளியாகிவிட்டது. இன்றுவரை எல்லோரும் பின்பற்றவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டுப் பயனர் என்றால்: ரவுட்டரின் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள். பல ஆண்டுகளாக அப்டேட்டே வராத பழைய ரவுட்டர் என்றால், மாற்றித் தரும்படி இணைய சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். ரவுட்டர் செட்டிங்கில் 6டு4, 6இன்4 போன்றவை ஆன் ஆகியிருந்து, உங்களுக்கு அது தேவைப்படவில்லை என்றால், ஆஃப் செய்துவிடுங்கள்.

விபிஎன் பயன்படுத்துபவர் என்றால்: விபிஎன் ஆன் செய்தபின், உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்துக்குச் சென்று ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் பாருங்கள். ஐபிவி6 இடத்தில் உங்கள் சொந்த நெட்வொர்க்கின் முகவரி தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். ஆபீஸ் விபிஎன் என்றால் ஐடி டீமிடம் சொல்லுங்கள்.

நெட்வொர்க், டெவ்ஆப்ஸ் வேலையில் இருப்பவர் என்றால்: ஃபயர்வாலில் புரோட்டோகால் 4, 41, 47 ஆகியவற்றுக்குத் தனியாக விதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தேவையில்லை என்றால் மூடுங்கள். தேவை என்றால் தெரிந்த முனைகளுக்கு மட்டும் திறங்கள். அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட முடியும் என்பதால், முகவரிப் பட்டியல் மட்டும் போதாது. ஐபிசெக் அல்லது வயர்கார்டை அதோடு சேருங்கள். எப்போதோ சோதனைக்காக உருவாக்கி, பிறகு மறந்துபோன டனல் இன்டர்ஃபேஸ் சர்வரில் எங்காவது இருக்கிறதா என்பதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். மறந்துபோன கதவுதான் பெரும்பாலும் திறந்து கிடக்கும்.

40 லட்சம் கருவிகளின் உரிமையாளர்களில் பெரும்பாலானவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. யாரோ எப்போதோ அமைத்துவிட்டுப் போன ஒரு செட்டிங்கோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த செட்டிங்கை மாற்றப் பெரும்பாலும் சில வரிகள் போதும். அதை யார் மாற்றுவது என்பதில்தான் இழுபறி. ரவுட்டர் தயாரித்தவரா, அதை வீட்டில் கொண்டுவந்து வைத்த இணைய சேவை நிறுவனமா, அல்லது மாதாமாதம் பில் கட்டும் வாடிக்கையாளரா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வரும்வரை, யார் அனுப்பியது என்று கேட்காமலேயே அந்தக் கருவிகள் கவரைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கும்.